மவுண்ட் ரோடு பேப்பரின் கதை: ‘தி இந்து’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 1878-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, இன்றும் தினமும் வெளிவரும் ஆங்கில நாளிதழ் ‘தி இந்து’. இதழியல் படிக்கிற மாணவர்களும், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் அதை வாங்குகிறவர்களும், அதைத் திட்டுவதற்காகவே படிக்கிறவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் முதல் ஐந்தையும் சேர்த்துப் படித்தால் மற்றவை சுலபமாகப் புரியும்.

இதைத் தொடங்கியது யார்? ஆறு பேர் என்கிறார்களே?

ஆறு பேர்தான். ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் இருவரும் ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவ ராவ் பந்துலு, என். சுப்பா ராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். எல்லோரும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசியவர்கள். அதனால்தான் ‘திருவல்லிக்கேணி அறுவர்’ என்ற பெயர் நிலைத்தது. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23, வீரராகவாச்சாரியாருக்கு 21.

முதல் இதழ் 1878 செப்டம்பர் 20-ல் வந்தது. கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணாவை வைத்துக்கொண்டு 80 பிரதி அடித்தார்கள். அச்சிட்ட இடம் கருப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகம். எட்டுப் பக்கம், விலை நாலணா. நாலணா அன்றைக்குச் சின்னக் காசு கிடையாது. யார் வாங்கிப் படிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள் என்பது விலையிலேயே தெரிகிறது: வக்கீல்கள், அரசு உத்தியோகஸ்தர்கள், மிராசுதார்கள், காலேஜ் வாத்தியார்கள்.

சட்டம் படித்த நால்வரும் பரீட்சை முடிந்ததும் தொழிலுக்குப் போய்விட்டார்கள். சுப்பா ராவ் பந்துலு ராஜமுந்திரி போய் ஆந்திரப் பகுதியின் பெரிய தலைவர்களில் ஒருவரானார். பேப்பரை இழுத்துக்கொண்டு போகும் வேலை இரண்டு வாத்தியார்கள் தலையில் விழுந்தது.

அவர்களைத் தூண்டியது என்ன?

ஒரு நீதிபதி நியமனம். தி. முத்துசாமி ஐயரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். ஏழைக் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். ஆங்கிலேயர்கள் சென்னையில் நடத்திய பத்திரிகைகள் இந்த நியமனத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதின. பதிலுக்கு ஆங்கிலத்திலேயே எழுத இந்தியர் கையில் ஒரு பத்திரிகை கிடையாது. திருவல்லிக்கேணி இளைஞர்களுக்குச் சுருக்கென்று தைத்தது இதுதான்.

ஆகவே, இந்தப் பேப்பர் பிறந்ததே ஒரு எதிர்வாதமாக. வக்கீல் நோட்டீஸ் மாதிரி எடுத்துவைத்து வாதாடும் அந்தத் தொனி அதன் தலையங்கங்களில் பிற்பாடும் போகவில்லை.

பெயர் ஏன் ‘இந்து’? மதப் பத்திரிகையா?

இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலம் படித்தவர்கள் இந்நாட்டவர் என்ற பொதுப் பொருளிலும் அந்தச் சொல்லைப் புழங்கினார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இரு பக்கத்திலும் உண்டு.

வாரப் பத்திரிகை நாளிதழானது எப்போது?

1883 அக்டோபரிலிருந்து வாரம் மூன்று முறை. அதே ஆண்டு டிசம்பரில் மவுண்ட் ரோடு 100-ஆம் எண் கட்டடத்துக்கு மாறி, ‘நேஷனல் பிரஸ்’ என்று சொந்த அச்சகம் வைத்தார்கள். 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழ். அதுவும் மாலைப் பத்திரிகை. காலைக் காபியோடு இந்து என்று இன்று பேசுகிறோமே, அந்தப் பழக்கம் வெகுகாலம் கழித்து வந்தது.

ஜி. சுப்பிரமணிய ஐயர் ஏன் விலகினார்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இந்தப் பேப்பரின் குணம் இங்கேதான் தீர்மானமாயிற்று என்பது என் எண்ணம்.

சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான். 1882-ல், ஆங்கிலம் தெரியாதவனுக்கும் அரசியல் போய்ச் சேர வேண்டும் என்று ‘சுதேசமித்திரன்’ தமிழ் வார இதழையும் தொடங்கியிருந்தார். கூர்மையான பேனா. யாரையும் விட்டுவைக்கமாட்டார்.

சமூகச் சீர்திருத்தத்திலும் அப்படியே. சிறுவயதில் விதவையான தன் மகளுக்கு 1889-ல் மறுமணம் செய்துவைத்தார். அன்றைய பிராமணச் சமூகம் அவரை ஒதுக்கிவைத்தது. சந்தா கட்டிப் பேப்பர் வாங்கிய வாசகர்களில் பெரும்பங்கு அதே சமூகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வீட்டுக் கல்யாணம் பேப்பரின் கணக்குப் புத்தகத்தைத் தொட்டது. மானநஷ்ட வழக்குகளும் சேர்ந்துகொண்டன. வரவு செலவைப் பார்த்துவந்த கூட்டாளி வீரராகவாச்சாரியாருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1898-ல் பிரிந்தார்கள். வீரராகவாச்சாரியார் இந்துவை வைத்துக்கொண்டார், சி. கருணாகர மேனன் ஆசிரியரானார். சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனோடு போனார். அடுத்த வருஷமே அது நாளிதழ் ஆயிற்று.

1904-ல் எட்டயபுரத்துக்காரரான ஒரு இளைஞரைத் துணை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார்கள். சுப்பிரமணிய பாரதிதான் அது. 1908-ல் சுப்பிரமணிய ஐயரை ராஜத் துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்தார்கள். உடம்பு நொடிந்து 1916-ல் காலமானார்.

அவர் விட்டுவந்த ஆங்கிலப் பேப்பர் இன்றும் வருகிறது. அவர் கூடவே கொண்டுபோன தமிழ்ப் பேப்பர் இன்று இல்லை. ஆங்கிலப் பேப்பருக்கு விளம்பரமும் உத்தியோகஸ்தர் சந்தாவும் இருந்தன; தமிழ்ப் பேப்பருக்கு வாசகர் இருந்தார்கள், காசு இல்லை. நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான்.

கஸ்தூரி குடும்பத்திடம் எப்படி வந்தது?

சுப்பிரமணிய ஐயர் போன பிறகு பேப்பருக்குக் காரம் குறைந்தது, விற்பனையும் குறைந்தது. ஒரு கட்டத்தில் 800 பிரதி. வீரராகவாச்சாரியார் விற்றுவிடத் தீர்மானித்தார். 1895 முதல் பேப்பருக்குச் சட்ட ஆலோசகராக இருந்த வக்கீல் எஸ். கஸ்தூரி ரங்க ஐயங்கார் 1905 ஏப்ரலில் 75,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். கும்பகோணம் பக்கத்து இன்னம்பூரில் பிறந்து, கோயம்புத்தூரில் வக்கீல் தொழில் பார்த்தவர். 75,000-ஐ 800 பிரதிக்கு வகுத்துப் பாருங்கள், பிரதிக்குக் கிட்டத்தட்ட 94 ரூபாய் வருகிறது. அந்தக் காசுக்கு அவர் வாங்கியது பெயரை மட்டும் என்றே சொல்லலாம்.

அவர் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது சந்தா விஷயம். அந்த நாளில் பேப்பர் தபாலில் போகும். படித்துவிட்டுப் பணம் அனுப்ப மறந்துவிடுகிற பெரிய மனிதர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வருஷக்கணக்கில் பாக்கி. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கமாட்டார்கள். வக்கீல் கேட்டார். முன்பணம் கட்டினால்தான் பேப்பர் என்றார். வாசகர்களை இழப்போம் என்ற பயமே இல்லாமல் செய்த வேலை இது. பத்திரிகை வரலாற்றில் வீரம் என்றால் சிறைக்குப் போனதைத்தான் எழுதுவார்கள். பாக்கி வசூலையும் சேர்த்து எழுதலாம்.

1923-ல் அவர் இறந்தபோது விற்பனை 17,000 பிரதி அளவுக்கு வந்திருந்தது. அதற்கப்புறம் மகன், மருமகன் முறைக்காரர், பேரன் என்று குடும்பத்திற்குள்ளேயே ஆசிரியர் நாற்காலி சுற்றியது. அவருடைய சகோதரி மகன் ஏ. ரங்கசாமி ஐயங்கார் 1928 முதல் 1934 வரை, மகன் கே. சீனிவாசன் 1934 முதல் 1959 வரை, ஜி. கஸ்தூரி 1965 முதல் 1991 வரை. கடைசியாகச் சொன்னவர் கால் நூற்றாண்டுக்கும் மேல் இருந்தார்.

காந்திக்கும் இந்துவுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு பல உண்டு, ஒன்றைச் சொல்கிறேன். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்துக்கு எதிராக ஆதரவு திரட்ட காந்தி சென்னை வந்தார். கதீட்ரல் சாலையில் ஒரு பங்களாவில் தங்கினார். தான் கஸ்தூரி ரங்க ஐயங்காரின் விருந்தாளி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாய்தான் திருத்தினார்: வீடுதான் ஐயங்காருடையது, விருந்து கொடுப்பவர் ராஜகோபாலாச்சாரி. அப்போதுதான் சேலத்திலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியிருந்த ராஜாஜி எல்லாவற்றையும் பின்னால் நின்றே செய்துகொண்டிருந்ததால் காந்திக்கு அது தெரியவில்லை. தன் சுயசரிதையில் காந்தியே இதை எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில்தான் ஒரு விடியற்காலை, தூக்கமும் விழிப்புமாக இருந்த நேரத்தில், நாடு முழுக்க ஒரு நாள் கடையடைப்பும் உபவாசமும் வைக்கலாம் என்ற யோசனை அவருக்குத் தோன்றியது. எழுந்ததும் ராஜாஜியிடம் சொன்னார். 1919 ஏப்ரல் 6-ல் நாடெங்கும் நடந்த ஹர்த்தால் அதுதான்.

‘பார்ப்பனப் பத்திரிகை’ என்ற விமர்சனம் எப்போது தொடங்கியது?

பேப்பர் அளவுக்கே பழையது என்று சொல்லலாம். ஆனால் அது வெளிப்படையான அரசியல் சண்டையானது 1916 டிசம்பரில். பிட்டி தியாகராயர் கையெழுத்திட்ட பிராமணரல்லாதார் அறிக்கையை இந்து வெளியிட்டது. கூடவே, இந்த அறிக்கை தனக்கு வேதனையும் வியப்பும் தருகிறது என்கிற தொனியில் தலையங்கமும் எழுதியது. அரசு உத்தியோகங்களில் யாருக்கு எத்தனை இடம் என்று அந்த அறிக்கை கேட்ட கேள்விக்குத் தலையங்கம் கொடுத்தது நாட்டு ஒற்றுமை என்ற பதில்.

பதிலடி உடனே வந்தது. 1917 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ ஆங்கில நாளிதழ் தொடங்கியது. தமிழில் ‘திராவிடன்’ வந்தது. தியாகராயர் முதலியோர் தொடங்கிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தை மக்கள் நீதிக்கட்சி என்றே கூப்பிடத் தொடங்கியது அந்தப் பத்திரிகையின் பெயரால்தான். யோசித்துப் பாருங்கள்: ஆங்கிலேயர் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்ல ஆறு பேர் இந்துவைத் தொடங்கினார்கள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து இந்துவுக்குப் பதில் சொல்ல இன்னொரு கூட்டம் பத்திரிகை தொடங்க வேண்டியிருந்தது.

விமர்சனம் இன்றும் ஓயவில்லை. 2014-ல் அலுவலகக் கேன்டீனுக்குள் அசைவ உணவு கொண்டுவரக் கூடாது என்ற அறிவிப்பு வெளியே கசிந்தபோது இணையத்தில் நடந்த சண்டை பலருக்கு ஞாபகம் இருக்கும். பக்கங்களில் முற்போக்கு, வீட்டுக்குள் ஆசாரம் என்று கிண்டல் செய்தார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கிண்டலில் உண்மை இருந்தது.

‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ என்றால்?

இந்துவுக்குத் தமிழ்நாட்டு அரசியல் மேடைகள் வைத்த பட்டப்பெயர். அலுவலகம் மவுண்ட் ரோட்டில், நடத்துகிறவர்கள் வைணவ ஐயங்கார்கள், தொனி மேலே பாற்கடலில் படுத்துக்கொண்டு கீழே பார்ப்பது போல. மூன்றையும் ஒரே பெயரில் அடக்கியது யாரோ நல்ல மேடைப் பேச்சாளராகத்தான் இருக்க வேண்டும். ரோடு பெயர் அண்ணா சாலை என்று மாறி எத்தனையோ காலமாயிற்று. பட்டப்பெயர் மாறவில்லை.

முதல் பக்கம் முழுக்க விளம்பரமாக இருந்ததாமே?

ஆமாம், 1958 வரைக்கும். லண்டன் ‘டைம்ஸ்’ முதலிய பத்திரிகைகளின் வழக்கம் அது. உலகப் போர் நடந்தாலும் முதல் பக்கத்தில் விளம்பரம்தான். செய்திக்கு உள்ளே புரட்ட வேண்டும். பேப்பரை மேசையில் போட்டால் மேலே தெரிகிற பக்கம் அதுதான் என்பதால் விளம்பரதாரர்களுக்கு அதில் ஆசை. வாசகர்களுக்கும் பழகிவிட்டது. 1958-ல் செய்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அது பெரிய சீர்திருத்தமாகவே பேசப்பட்டது. இப்போது சில நாள் பேப்பரை எடுத்தால் முதல் பக்கத்துக்கு மேலே ஒரு முழு விளம்பரத்தாள் சுற்றியிருக்கிறது. அந்த வகையில் பழைய வழக்கம் திரும்பிவிட்டது.

சொந்த விமானம் வைத்திருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1963-ல் சொந்த விமானங்கள் வாங்கினார்கள். காரணம் எளிது. இந்து ஒரே இடத்தில், சென்னையில், அச்சாகிக்கொண்டிருந்தது. ரயிலில் போகும் பேப்பர்க்கட்டு வெளியூர் ஏஜென்டிடம் சேரும்போது காலை நேரம் தாண்டிவிடும். தூரத்து ஊர்களில் அன்றைய பேப்பர் கைக்கு வரவே சாயங்காலமாகும், சில இடங்களில் மறுநாள். ராம்நாத் கோயங்காவின் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பல ஊர்களில் அச்சகம் வைத்து முந்திக்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் ஆசிரியர் குழு வைத்தால் தரம் நம் கையில் இருக்காது என்று இந்துக்காரர்கள் நினைத்தார்கள். ஆகவே செய்தியை அனுப்பாமல் பேப்பரையே பறக்கவிட்டார்கள்.

செலவு பிடித்த வேலை, நெடுநாள் தாங்காது. அடுத்த வழி 1969-ல் வந்தது. சென்னையில் தயாரான பக்கத்தை அப்படியே படமாகத் தொலைத்தொடர்பு வழியே கோயம்புத்தூருக்கு அனுப்பி, அங்கே பிலிமாக எடுத்து, அச்சுத்தகடு செய்து அடித்தார்கள். இந்தியாவில் இப்படி ஃபேக்சிமிலி முறையில் பதிப்பு கொண்டுவந்தது அதுதான் முதல் முறை. சென்னையில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால் கோவையிலும் அதே இடத்தில் அதே பிழை இருக்கும். அப்புறம் பெங்களூர், ஹைதராபாத், மதுரை என்று பரவியது. 1986-ல் செயற்கைக்கோள் வழியாக டெல்லிப் பதிப்பு. 1995-ல் இணையத்தில் ஏறியது, இந்திய நாளிதழ்களில் இதில் முந்திக்கொண்டது இந்துதான்.

பழமைவாதி என்று பெயர் வாங்கிய பேப்பர் மெஷின் விஷயத்தில் மட்டும் எப்போதும் அவசரக்காரன்.

நெருக்கடி நிலைக் காலத்தில் எப்படி நடந்துகொண்டது?

அடக்கமாக. 1975-77-ல் தணிக்கையை முண்டிப் பார்த்த பத்திரிகைகளின் பட்டியலில் இந்தியன் எக்ஸ்பிரஸ், ஸ்டேட்ஸ்மன் பெயர்கள் வரும். இந்துவின் பெயரை யாரும் அங்கே சேர்ப்பதில்லை.

போஃபர்ஸ் ஊழலை வெளிக்கொண்டுவந்தது இந்துதானா?

முதலில் உடைத்தது 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி. பீரங்கி பேரத்தில் இந்தியர்களுக்கு லஞ்சம் கைமாறியது என்றது. ராஜீவ் காந்தி அரசு மறுத்தது. அதற்குப் பிறகு ஆவணங்களைத் தேடிப் பிடித்து வரிசையாகப் பிரசுரித்தது இந்து. ஜெனிவாவில் இருந்த சித்ரா சுப்ரமணியம் ஆவணங்களைத் திரட்டினார். சென்னையில் என். ராம் அவருடன் சேர்ந்து எழுதினார். 1988-ல் வந்த இதழ்களில் ஒப்பந்தக் காகிதங்கள், வங்கிக் குறிப்புகள் எல்லாம் அப்படியே படமாக அச்சாயின. வாசகன் தானே படித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற அந்த வழிமுறை அப்போது இந்தியப் பத்திரிகைகளுக்குப் புதுசு.

1989 அக்டோபரில் கதை திரும்பியது. ஆசிரியர் ஜி. கஸ்தூரி மேற்கொண்டு பிரசுரிப்பதை நிறுத்தினார். சொந்தக் குடும்பத்துக்காரரான என். ராம் பத்திரிகையாளர்களைக் கூட்டி வெளிப்படையாகவே மறுப்புச் சொன்னார். சித்ரா சுப்ரமணியம் இந்துவை விட்டு வெளியேறி, மிச்சத்தை இந்தியன் எக்ஸ்பிரஸ் முதலியவற்றில் எழுதினார். துணிச்சலும் பின்வாங்கலும் ஒரே கதையில் இருப்பதால்தான் இதழியல் வகுப்புகளில் இதை இன்னும் பேசுகிறார்கள்.

2003-ல் சட்டமன்றம் சிறைத்தண்டனை கொடுத்ததே, அது என்ன?

2003 ஏப்ரலில் முதல்வர் ஜெயலலிதாவின் சட்டமன்றப் பேச்சை வர்ணித்து இந்துவில் சில செய்திகள் வந்தன. பேச்சு காட்டமாக இருந்தது என்று காட்டும் உரிச்சொற்கள் அவற்றில் இருந்தன. உரிமைமீறல் என்று நோட்டீஸ் போனது. ஏப்ரல் 25-ல் சகிப்பின்மை வளர்கிறது என்று இந்து தலையங்கம் எழுதியது. அந்தத் தலையங்கத்தைத் தமிழில் போட்டது ‘முரசொலி’.

நவம்பர் 7-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இந்துவின் ஆசிரியர் என். ரவி உட்பட ஐந்து பேருக்கும், மொழிபெயர்த்துப் போட்ட குற்றத்துக்காக முரசொலி ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை. அன்று மாலையே போலீஸ் மவுண்ட் ரோடு அலுவலகத்துக்குள் நுழைந்து தேடியது. ஆட்கள் கிடைக்கவில்லை. நவம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது.

இதில் எனக்குச் சுவையாகத் தெரிவது கூட்டணிதான். பல பத்து வருஷமாக இந்துவைத் திட்டிவந்த திராவிட இயக்கப் பத்திரிகை ஒன்று இந்துவின் தலையங்கத்தைப் போட்டதற்காக அதனுடன் சேர்ந்து தண்டனை பெற்றது. பெரிய வழக்கே நான்கைந்து உரிச்சொற்களில் தொங்கியது இன்னொரு வேடிக்கை.

ஈழத் தமிழர்கள் இந்துமேல் கோபமாக இருப்பது ஏன்?

1980-களில் ஈழப் பிரச்சினையை விரிவாக எழுதிய இந்தியப் பத்திரிகைகளில் இதுவும் ஒன்று. 1986-ல் என். ராம் பிரபாகரனைப் பேட்டி கண்டிருக்கிறார். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை இந்து ஆதரித்தது. விடுதலைப் புலிகளைப் பின்னர் கடுமையாக விமர்சித்தது. 2005-ல் இலங்கை அரசு என். ராமுக்கு ‘ஸ்ரீலங்கா ரத்னா’ விருது தந்தது. 2009 போரின் கடைசி மாதங்களிலும் அதற்குப் பிறகும் முகாம்களின் நிலை பற்றி அது எழுதிய விதம் கொழும்பின் குரலாக இருந்தது என்பது தமிழர்களின் குற்றச்சாட்டு. புலிகளை விமர்சிப்பது வேறு, முள்வேலிக்குள் இருந்த மக்களைப் பற்றி மெத்தனமாக எழுதுவது வேறு. கோபம் இரண்டாவதற்காக என்றால் அது புரிந்துகொள்ளக்கூடியதே.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழில் வர இத்தனை காலம் ஏன்?

2013 செப்டம்பர் 16-ல்தான் ‘தி இந்து’ தமிழ் நாளிதழ் வந்தது. 2018-ல் பெயர் ‘இந்து தமிழ் திசை’ ஆயிற்று. ஆங்கிலப் பேப்பர் தொடங்கி 135 வருஷம். இடையில் விளையாட்டுக்கு ‘ஸ்போர்ட்ஸ்டார்’ (1978), அரசியலுக்கு ‘ஃபிரண்ட்லைன்’ (1984), வணிகத்துக்கு ‘பிசினஸ் லைன்’ (1994) எல்லாம் வந்தன, எல்லாம் ஆங்கிலம். நிறுவனத்தின் கண்ணில் வாசகன் என்றால் ஆங்கிலம் படித்தவன் என்ற நினைப்பு அவ்வளவு உறுதியாக இருந்தது. சுப்பிரமணிய ஐயர் நான்கே வருஷத்தில் தமிழுக்கு வந்தவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2008-ல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ சென்னைக்கு வந்தது ஒரு உலுக்கல். தூங்கவைக்கும் செய்திகளைப் படிக்கிறீர்களா என்று இந்துவைக் கிண்டல் செய்து அது டி.வி.யில் விளம்பரம் போட்டது. சினிமா நடிகை விஷயம் தெரிகிறது, துணை ஜனாதிபதி யாரென்று தெரியவில்லை என்கிற மாதிரி பதில் விளம்பரம் எடுத்தது இந்து. சென்னைக்காரர்கள் இரண்டையும் ரசித்தார்கள்.

பேப்பர் அச்சாகாமல் போன நாள் உண்டா?

பண்டிகை விடுமுறைகளை விட்டுவிடுங்கள். 2015 டிசம்பர் 2-ல் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. முந்தின நாள் கொட்டிய மழையில் மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878 முதல் இப்படி நடந்ததில்லை என்று நிறுவனமே சொன்னது. பி.பி.சி. வரைக்கும் செய்தியாயிற்று.

குடும்பச் சண்டை என்கிறார்களே, இப்போது யார் நடத்துகிறார்கள்?

கஸ்தூரி ரங்க ஐயங்காரின் வாரிசுகள்தான். நான்கு கிளைகளாகப் பிரிந்த குடும்பம். 2010-11-ல் யார் ஆசிரியர், எப்போது ஓய்வு என்ற தகராறு வெளியே வந்து, வீட்டுப் பஞ்சாயத்தை மற்றப் பத்திரிகைகள் ருசித்து எழுதின. அப்போது சித்தார்த் வரதராஜனை, குடும்பத்துக்கு வெளியே இருந்து, ஆசிரியராக்கினார்கள். 2013-ல் குடும்பம் மறுபடி பொறுப்பை எடுத்துக்கொள்ள அவர் விலகினார். 2019 முதல் சுரேஷ் நம்பத் ஆசிரியர். வெளியிடுவது டி.எச்.ஜி. பப்ளிஷிங் என்ற நிறுவனம். 2023-ல் நிர்மலா லக்ஷ்மண் தலைவரானார்.

கொரோனா காலத்தில் மும்பைப் பதிப்பை மூடினார்கள். பல பத்திரிகையாளர்களுக்கு வேலை போனது. அது வேறு பத்திரிகைகளிலும் நடந்ததுதான். ஆனாலும் தொழிலாளர் உரிமைக்குத் தலையங்கம் எழுதுகிற பேப்பர் என்பதால் இங்கே கூடுதலாக உறுத்தியது.

குறுக்கெழுத்துப் போட்டியைத் தொடங்கியது ஒரு கடற்படைத் தளபதியா?

ஆமாம். இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, ஓய்வுக்குப் பிறகு 1971-ல் தொடங்கிவைத்தார். செய்தியைப் படிக்காமல் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகிறவர்கள் சென்னையில் ஏராளம்.

பழைய இதழ்களை எங்கே பார்க்கலாம்?

பேப்பரிலேயே ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்திகளை எடுத்துப் போடும் பகுதி உண்டு. சும்மா ஒரு ருசிக்கு அது போதும். ஆராய்ச்சிக்கு என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். டெல்லியில் தீன் மூர்த்தி வளாகத்து நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கின்றன. போகும்போது வருஷத்தை மட்டும் சொல்லாதீர்கள், மாதத்தையும் குறித்துக்கொண்டு போங்கள்; சுருள் அப்படித்தான் அடுக்கியிருக்கும். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு என் சிபாரிசு 1916 டிசம்பர் கடைசிப் பத்து நாள்: அறிக்கையும் தலையங்கமும் இருக்கும், கூடவே அதே பக்கங்களில் அன்றைய சென்னையின் விளம்பரங்களும்.